இரண்டு ஹௌராப் பாலங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் படங்களுடன் நிகழ்த்திய உரை)



அந்தமான் சென்று திரும்பிய எங்கள் நால்வரையும் அவ்வனுபவத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பயணக் கதை என்றால் புறப்பட்ட நேரம், தங்கிய விடுதி, உண்ட சிற்றுண்டி இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் கேட்போரைக் களைப்புறச் செய்வது வழக்கம். சிறைக்கூடத்தைப் பற்றி இம்மேடையில் முன்னரே அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். ஆகவே அவற்றையெல்லாம் விடுத்து, ஒரே ஒரு பாறையைப் பற்றி மட்டும் பேசலாம் என்று முடிவு செய்தோம். நால்வரும் சேர்ந்து எழுதிய உரையை ஒருவர் படிக்கிறோம். அதனால் இவ்வுரையில் 'நாங்கள்' என்ற சொல் அடிக்கடி வரும். பிழை இருந்தால் அதுவும் நால்வருக்கும் பொது.

அந்தப் பாறைக்கு 'ஹௌராப் பாலம்' என்று பெயர். நீங்கள் நகைப்பது எங்களுக்குப் புரிகிறது. நாள்தோறும் அலுவலகத்திற்குப் போகும்போது பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து, செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொண்டு நாம் கடக்கின்ற அதே பெயர்தான். அதைக் காண்பதற்காகக் கொல்கத்தாவிலிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிப் போயிருந்தோம். வீட்டில் இருந்தவர்கள், "ஹௌராப் பாலத்தைப் பார்க்கப் பேருந்து போதாதா?" என்று கேட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அந்தமான் தலைநகருக்குக் கிழக்கே ரிச்சி தீவுக்கூட்டம் என்று ஒரு தொகுதி உண்டு. அதன் தென்பகுதியில், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது நீல் தீவு. ஆங்கிலத் தளபதி ஒருவரின் பெயர் அது. 1943 டிசம்பர் 30இல் நேதாஜி அந்தமானில் தேசியக் கொடியை ஏற்றிய நிகழ்ச்சியின் எழுபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி, 2018ஆம் ஆண்டு அதே நாளில் அத்தீவுக்கு 'ஷஹீத் த்வீப்' என்று பெயர் மாற்றினார்கள். தலைநகரும் நாங்கள் சென்றபோது போர்ட் பிளேராக இருந்து, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஆயினும் தீவுக்குள் உள்ள ஊர்ப் பெயர்கள் இராமாயணத்தை விட்டு அகலவில்லை. சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர்! வயலும் காய்கறித் தோட்டமும் வாழையுமாக இருக்கின்ற சிறிய தீவு. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் வங்காளிகள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, அரசினரால் நிலம் தந்து குடியேற்றப்பட்டவர்கள், அவர்களுடைய மக்கள், மக்களின் மக்கள்.

தமிழ் அங்கே அயல்மொழி அன்று. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்தமான் நிகோபார் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடி தமிழே. படகுத்துறையில் காலை ஆறு மணிக்கு எங்களுக்குத் தேநீர் ஆற்றித் தந்தவர் இராமநாதபுரத்துக்காரர். "கொல்கத்தாவிலிருந்தா வர்றீங்க? அப்ப உங்களுக்கு நீல் தீவில் மொழிக் கஷ்டமே இருக்காது" என்றார். வங்காளத்தில் முப்பது ஆண்டு வாழ்ந்ததற்கு ஒரு பயன் கிட்டியது.

2024 பிப்ரவரி 24, மாசி மகம். அரசுக் கப்பலில் இரண்டு மணி நேரப் பயணம் முடித்துத் தீவில் இறங்கினோம். வழிகாட்டியாக ஓர் இளைஞர் கிடைத்தார், இருபத்திரண்டு வயதிருக்கும். "இப்போது போய்ப் பயனில்லை, தாதா. பிற்பகல் போகலாம்" என்று அவர் கூறினார். படம் எடுக்கும் ஆர்வம் எங்கள் காதை அடைத்திருந்தது. காலை வெயிலே படத்திற்குச் சிறந்தது என்று அவருக்கே பாடம் சொல்லி, பத்து மணிக்கு லக்ஷ்மண்பூரின் இரண்டாம் கடற்கரையில் போய் நின்றோம். எதிரே கடல்தான் இருந்தது. பாறைக் கரையின் அடிவரை நீர் ஏறி மோதிக்கொண்டிருந்தது. பாலம் எங்கே என்று கேட்டதற்கு, அவர் ஒரு முனையைச் சுட்டிக்காட்டி, "அந்தப் பாறைக்கு அப்பால். வழி தண்ணீருக்கடியில் இருக்கிறது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பண்பு அது.

இந்த இடத்தில் நாங்கள் வெட்கப்பட்ட காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்களில் இருவர் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவர்கள். மாசி மகத்தன்று சாமியைக் கடலுக்கு எழுந்தருளச் செய்யும் ஊர்களில் வளர்ந்தவர்கள். முழுநிலவு நாளையும் மறைநிலவு நாளையும் 'உவா' என்று ஒரே சொல்லால் வழங்கிய மொழி நம்முடையது. இரண்டு நாளிலும் ஞாயிறும் திங்களும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால், ஓதம் மற்ற நாள்களைவிட மிகுதியாக ஏறும். மிகுதியாக வற்றவும் செய்யும். அந்தமானில் அத்தகைய நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் வேறுபாடு உண்டு. ஏற்றம் முடிந்து ஆறு மணி நேரம் கழித்தே வற்று. மறுநாள் இது ஐம்பது நிமிடம்போல் தள்ளிப்போகும். எம் பாட்டனார் நிலவைப் பார்த்தே சொல்லியிருக்கக்கூடிய இக்கணக்கை, கையில் இருந்த கைப்பேசியில்கூட நாங்கள் பார்க்காமல் போனோம்.

இடைப்பட்ட நேரத்தைக் கழிக்க அவ்விளைஞர் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். தென்னங்கீற்று நிழலில் அவருடைய பாட்டியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "மாஷிமா, நாங்கள் கொல்கத்தாவிலிருந்து வருகிறோம்" என்று நாங்கள் வங்காளியில் சொன்னதும், கீரையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பக்கம்?" என்றார். லேக் மார்க்கெட் பக்கம் என்றோம். அவருக்கு அந்த இடம் தெரியவில்லை. "எனக்குக் கொல்கத்தாவில் பாலம் ஒன்றுதான் தெரியும்" என்றார்.

1960களின் பிற்பகுதியில், பன்னிரண்டு வயதில் அவர் இத்தீவுக்கு வந்தவர். பிறந்த ஊரை விட்ட பிறகு மத்திய இந்தியாவில் ஒரு முகாமில் சில காலம் வைத்திருந்தார்களாம். பிறகு இரயிலில் ஏற்றி ஹௌரா நிலையத்தில் இறக்கி, லாரியில் நிற்க வைத்துப் பாலத்தின் வழியாகக் கப்பல்துறைக்குக் கொண்டுபோனார்களாம். லாரியில் நின்றபடி இரும்புச் சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாராம். எண்ணி முடிப்பதற்குள் பாலம் தீர்ந்துவிட்டதாம். அன்று மாலையே கப்பல். "நாங்கள் வங்காளத்தில் கடைசியாகக் கண்ட பெரிய பொருள் அதுதான். இங்கே காடு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் நீர் வற்றிய வேளையில் ஆண்கள் நண்டு பிடிக்கப் போனார்கள். திரும்பி வந்து, 'அங்கே ஒரு ஹௌராப் பாலம் நிற்கிறது' என்றார்கள். அன்றிலிருந்து அதுதான் பெயர்" என்றார்.

எங்களில் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. சென்னையிலிருந்து வந்த இரயிலை விட்டு இறங்கி, தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக நிலையத்தின் வாயிலில் நின்று, நம்மில் எத்தனையோ பேர் இந்த நகரத்தில் முதன்முதல் கண்ட பெரிய பொருளும் அதே பாலந்தான் அல்லவா?

பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் சென்றோம். காலையில் கடல் இருந்த இடத்தில் இப்போது கரடுமுரடான பாறைத் தளம் நெடுந்தொலைவு விரிந்து கிடந்தது. தேன்கூட்டைக் கல்லாக்கிக் கவிழ்த்துப் போட்டாற்போன்ற தோற்றம். அதன்மேல் செருப்போடு நடப்பதும் அரிது, செருப்பின்றி நடப்பதும் அரிது. எங்களில் மூத்தவர் பத்தடி நடந்து பார்த்துவிட்டு, "நான் கரையிலிருந்தே தரிசித்துக்கொள்கிறேன்" என்று மணலில் அமர்ந்துவிட்டார். மற்ற மூவரும் இளைஞரின் காலடி வைத்த இடத்திலேயே காலடி வைத்துச் சென்றோம்.

வழியெங்கும் குழிகளில் கடல் தன் நீரைச் சிறிது விட்டுச் சென்றிருந்தது. ஒவ்வொரு குழியும் ஓர் ஊர். கரிய கடல் அட்டைகள் அசைவற்றுக் கிடந்தன. பாறையில் பதிந்திருந்த பெருஞ்சிப்பி ஒன்று நீலமும் பச்சையும் கலந்த தன் உதடுகளை, எங்கள் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. விரல் நீள மீன்கள் குழியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடின. ஆங்காங்கே உயிருள்ள பவளம், மஞ்சளும் ஊதாவுமாக. 2001ஆம் ஆண்டிலிருந்து பவளப்பாறை கட்டும் பவளங்களும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடும் யானையோடும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. ஒரு துண்டு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வதும் குற்றமே. 2010ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது, அந்தமான் கடலில் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. எஞ்சியவையும் பிறகு வளர்ந்தவையுமே இன்று இருப்பவை.

பாறை முனையைச் சுற்றியதும் பாலம் தெரிந்தது. கரையிலிருந்து கிளம்பிய பாறை, நடுவே ஒரு பெரிய வாயிலை விட்டுவிட்டு, மேலே வளைந்து சென்று, கடற்பக்கத்தில் ஒரு தூணின்மேல் இறங்கி நிற்கிறது. தலையில் பசுஞ்செடிகள் அடர்ந்திருக்கின்றன. வேர்கள் சில கீழே தொங்குகின்றன. வளைவின் வழியே மறுபுறக் கடலும் வானும் தெரிகின்றன. திருமலையில் சிலாதோரணத்தைக் கண்டவர்கள் அதனை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அது மலைமேல் ஓய்ந்து நிற்பது; இதன் காலைக் கடல் இன்னமும் அரித்துக்கொண்டிருக்கிறது.

இது சுண்ணக்கல். பவளப்பூச்சிகளும் சிப்பிகளும் கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களும் விட்டுச் சென்ற ஓடுகள் நெடுங்காலம் படிந்து இறுகி, நில அசைவினால் நீர்மட்டத்திற்கு மேல் தூக்கப்பட்டவை. அவ்வாறு எழுந்த பாறையைக் கடல் விட்டுவிடுவதில்லை. ஓதம் ஏறி இறங்கும் மட்டத்தில்தான் அதற்குப் பற்கள் இருக்கின்றன. அலை மோதும்போது விரிசலுக்குள் காற்றை அழுத்தி அடைக்கிறது. பின்வாங்கும்போது அக்காற்று வெடித்து வெளிவருகிறது. போதாக்குறைக்குச் சிறு நத்தைகளும் கடல்முள்ளிகளும் பாசியை மேய்கிற சாக்கில் கல்லையும் சேர்த்துச் சுரண்டுகின்றன. பாறையின் வலுவற்ற பகுதி முதலில் பள்ளமாகி, பின் குகையாகி, இரு பக்கமும் திறந்துகொண்டால் வளைவாகிறது. வளைவின் கூரை விழுந்துவிட்டால் கடலில் தனித்தூண் ஒன்று நிற்கும். பின்பு அதுவும் விழும். ஆகவே நாம் 'பாலம்' என்று வியப்பது, கடல் ஒரு பாறையைத் தின்று முடிப்பதற்குள் நடுவில் வருகின்ற ஒரு நிலை.

இனி, படம் எடுத்த கதை. வளைவின் உட்புறம் இருள். அதற்கு அப்பால் வானம் கண்ணைக் கூசவைக்கும் ஒளி. வானத்திற்கு ஏற்றவாறு கருவியை அமைத்தால் பாறை கரும்பலகை ஆகிவிடுகிறது. பாறைக்கு ஏற்றவாறு அமைத்தால் வானம் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. உப்புக் காற்றில் ஆடி மங்கிக்கொண்டே இருந்தது. மேலும், அருகில் அளவுக்கு ஒன்று இல்லாததால் படத்தில் அது ஒரு முழ உயரமா பனை உயரமா என்று தெரியவில்லை. இளைஞரை வளைவின் கீழ் நிற்குமாறு வேண்டினோம். அவர் மறுத்து, ஒருபுறமாகத் தள்ளி நின்றார். மேலிருந்து கற்கள் உதிர்வது உண்டாம்.

சூரியன் தாழத் தாழ ஒளி கனிந்து வந்தது. அங்கே ஐந்தரை மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுவான். நான்கு மணிக்கு வற்றிய கடலோ திரும்பி வரத் தொடங்கிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்களுக்கு வாய்த்தது ஒரு மணி நேரமே. அப்போதுதான் இடப்பக்கத்தில் பத்தடி தள்ளி ஒரு குழியில் இறங்கி நின்றால், வளைவும் அதன் நீர்நிழலும் சேர்ந்து முழு வட்டமாக விழும் என்று கண்டுபிடித்தோம். எங்களில் ஒருவர் - யாரென்று சொல்லப்போவதில்லை, முதலிலேயே பொதுப்பிழை என்று கூறிவிட்டோம் - குழியில் கால் வைத்தார். காலடியில் ஏதோ மொறுமொறுத்தது.

"தாதா!" என்று இளைஞர் கத்தினார். அன்று முழுவதும் குரல் உயர்த்தாதவர் அவர். பாறைமேல் தாவி வந்து, காலை எடுக்கச் சொல்லி, நீருக்குள் குனிந்து பார்த்தார். விரல் தடிமனில் கிளைத்திருந்த பவளக்கொத்தில் மூன்று கிளைகள் முறிந்து கிடந்தன. முறிந்த இடம் எலும்புபோல் வெண்மையாக இருந்தது. "இது இவ்வளவு வளர ஆண்டுகள் ஆகும். எத்தனை பேர் வருகிறார்கள்! எல்லோருக்கும் அந்த வட்டம்தான் வேண்டும்" என்றார். பிறகு தணிந்த குரலில், "சொல்லாதது என் தவறு" என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததைக் கேளாதவர்கள் நாங்கள்.

அந்த முழு வட்டப் படம் எங்களிடம் இல்லை. அதன் பிறகு நின்ற இடத்திலிருந்தே எடுத்தவைதான் நீங்கள் காணப்போவது.

திரும்பும் வழியில் நீர் கணுக்காலைத் தொட்டது. எங்களில் படிப்பு மிகுந்தவர், உலகில் இத்தகைய வளைவுகள் பட்ட பாட்டை இளைஞருக்குக் கூறிக்கொண்டு வந்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் கரையில் 'லண்டன் பிரிட்ஜ்' என்றே ஒன்று இருந்தது. அதற்கும் தொலைவில் விட்டுவந்த நகரத்துப் பாலத்தின் பெயர்தான். 1990 ஜனவரி 15இல் அதன் கரைப்பக்க வளைவு இடிந்து கடலில் விழ, அப்பால் நின்ற இருவர் தனித்து மாட்டிக்கொண்டு, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். மால்ட்டா நாட்டின் கோசோத் தீவில் 'நீலச் சாளரம்' என்று புகழ்பெற்றிருந்த வளைவு 2017 மார்ச் 8இல் ஒரு புயலில் தூணோடு மறைந்தது. கலாபகஸ் தீவுகளில் டார்வின் பெயர் தாங்கிய வளைவு 2021 மே 17இல் விழுந்து, இரண்டு தூண்கள் மட்டும் நிற்கின்றன. இளைஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "2004இல் பூமி அதிர்ந்தபோதும் எங்கள் பாலம் நின்றது" என்றார். அந்த டிசம்பர் 26இல் போர்ட் பிளேர்ப் பகுதி நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததை நாம் அறிவோம். அவர் அப்போது கைக்குழந்தையாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் கண்ணால் கண்டவர்போல் சொன்னார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

விடைபெறும்போது பேசிய தொகைக்கு மேல் அவர் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தார். "எங்கள் பாலத்தை வந்தவர் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். பாட்டிக்கு உங்கள் பாலத்தின் படம் ஒன்று அனுப்புவீர்களா? கைப்பேசியில் நிறைய வருகிறது. ஆனால் தெரிந்தவர்கள் எடுத்து அனுப்பியது என்றால் அவள் நம்புவாள்."

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில், நால்வரும் மல்லிக் படித்துறையில் பூச்சந்தைக்குப் பின்னால் போய் நின்றோம். சொல்ல நாணமாக இருக்கிறது, முப்பது ஆண்டில் அதை நின்று பார்த்தது அன்றுதான். 1943 பிப்ரவரி 3இல் திறக்கப்பட்டு, 1965இல் ரவீந்திர சேது என்று பெயர் பெற்ற பாலம். இரு கரைத் தூண்களுக்கு இடையே 457 மீட்டர். ஆற்றின் நடுவில் ஒரு கால்கூட ஊன்றவில்லை. திருகாணி இன்றி, அறைந்த ஆணிகளாலேயே கோக்கப்பட்ட இருபத்தாறாயிரத்து ஐந்நூறு டன் எஃகு. அதன் அடியிலும் ஓதம் ஏறி இறங்குவதை அன்று படிக்கட்டில் பார்த்தோம். அதே நிலவுதான் ஹூக்ளியையும் இழுக்கிறது. இதையும் தின்பவர் உண்டு. 2011ஆம் ஆண்டில் துறைமுகப் பொறியாளர்கள் அளந்தபோது, தொங்கு சட்டங்களின் அடியைக் காக்கும் எஃகுக் கவசங்கள் நான்கே ஆண்டில் பாதியாகத் தேய்ந்திருந்தன. நடந்து செல்வோர் உமிழ்ந்த வெற்றிலைச் சாறும் அதிலுள்ள சுண்ணாம்புமே காரணம்! பிறகு அவற்றைக் கண்ணாடியிழை உறையால் மூடினார்கள். அங்கே நத்தை, இங்கே நாம்.

படத்தை அனுப்பினோம். மறுநாள் இளைஞரிடமிருந்து விடை வந்தது. பாட்டியார் படத்தை விரலால் பெரிதாக்கி, சட்டங்களை எண்ணத் தொடங்கியிருக்கிறாராம். யாரும் குறுக்கே பேசக் கூடாதாம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். விளக்கை அணைக்க வேண்டுகிறோம். மொத்தம் ஒன்பது படங்கள். முதல் படத்தில் கடல் மட்டுமே தெரியும். அது காலை பத்து மணிக்கு எடுத்தது.